கணவாயின் கண்ணும் கடைக்காரர் வாக்கும்

பொழுதுபோக்காகத் தூண்டில் போட்டு ஊசிக் கணவாய் பிடிப்போரிடையே இன்று ஒரு சித்தாந்தம் ஆழமாக வேரூன்றிவிட்டது. கணவாய்க்கென்றே தனியாகச் செய்யப்பட்ட, எட்டரை அடி நீளமுள்ள, கார்பன் நாரினாலான, விலையுயர்ந்த கோல் கையில் இல்லாதவன் கரையில் வந்து நிற்பதே வீண் என்பது அதன் முதற்கூறு. வானம் வெளுத்திருந்தால் ஒரு வர்ணம், மேகம் மூடியிருந்தால் வேறு வர்ணம், நீர் தெளிந்திருந்தால் ஒன்று, கலங்கியிருந்தால் மற்றொன்று, அந்திக்கு ஒன்று, நள்ளிரவுக்கு ஒன்று என்று, ஜிக் எனப்படும் போலி இறால்களை வர்ணவாரியாக வாங்கிப் பெட்டி நிறைய அடுக்கிக்கொண்டு, பஞ்சாங்கம் பார்த்து ராகுகாலம் தள்ளுவது போல் வேளை பார்த்து மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும் என்பது இரண்டாம் கூறு. கடைக்காரர் இதைச் சொல்வதில் வியப்பில்லை; அவருடைய ஜீவனம் அது. ஆனால் கடலோரத்தில் பல்லாண்டு நின்று அனுபவம் பெற்றவர்களும், புதிதாக வந்து யோசனை கேட்பவர்களுக்கு இதையே உபதேசமாக ஓதி அனுப்புவதைக் கண்ட பிறகு சும்மா இருப்பது முறையன்று என்று தோன்றிற்று. கோலைப் பற்றிய நம்பிக்கை மிகையானது என்றும், வர்ணத்தைப் பற்றிய நம்பிக்கை கணவாயின் கண்ணைக் குறித்து நாம் அறிந்துள்ள உண்மைகளுக்கே விரோதமானது என்றும், இவ்விரண்டின் ஆரவாரத்தில் ஜிக்கின் எடை, அது நீரில் இறங்கும் வேகம், அது சென்று சேரவேண்டிய ஆழம் ஆகிய உண்மையான விஷயங்கள் கேட்பாரற்றுக் கிடக்கின்றன என்றும் நான் கருதுகிறேன்.

பொதுவாகப் பேசினால் வாதம் காற்றோடு போய்விடும். ஆதலால் ஓர் இடத்தை எடுத்துக்கொள்கிறேன். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரத்தை அடுத்துள்ள போர்ட் பிலிப் விரிகுடா சுமார் 1,930 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. அத்தனை பரப்புக்கும் சராசரி ஆழம் ஏறக்குறைய 13 மீட்டர்தான். அதன் கரை நெடுக மார்னிங்டன், ரை, சொரென்டோ, குவீன்ஸ்கிளிஃப், செயின்ட் லெனார்ட்ஸ், போர்ட்டார்லிங்டன் என்று ஊருக்கு ஊர் கடலுக்குள் நீண்டு நிற்கும் கடற்பாலங்கள் உள்ளன. அவற்றை ஒட்டிய கடற்புல் படுகைகளில், தென்கடல் கலமாரி என்று அந்நாட்டார் வழங்கும் கணவாய் இரை தேடியும் முட்டையிட்டும் வாழ்கிறது. ஓராண்டளவே ஆயுள் கொண்ட இந்த ஜீவன், ஜப்பானியர் 'அவோரி இகா' என்று கொண்டாடும் கணவாய்க்கும், அவ்வினமாகவே நம்முடைய பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் அகப்படும் பெருந்துடுப்புக் கணவாய்க்கும் ஒரே பேரினத்தில் பிறந்த நெருங்கிய உறவு. ஆகையால் ஓரிடத்தை வைத்துச் சொல்வது மற்ற இடங்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

எதிர்ப் பக்கத்தின் கொள்கையை முழுவதும் எடுத்துரைத்த பின்னரே மறுக்கப் புகவேண்டும் என்பது நம் சாத்திர மரபு. சிவஞான சித்தியாரும் பரபக்கத்தைச் சொல்லிவிட்டே சுபக்கத்துக்கு வருகிறது. அம்முறைப்படி நோக்கின், இந்தச் சித்தாந்தத்தின் பிறப்பிடம் ஜப்பான். மரத்தை இறால் வடிவில் செதுக்கி, வாற்புறத்தில் மேல்நோக்கி வளைந்த ஊசிகளை வட்டமாகப் பொருத்திச் செய்த 'எகி' என்னும் பொய்யிரை, முன்னாளில் சத்சுமா என்று பெயர் பெற்றிருந்த ககோஷிமாப் பகுதியில் நெடுங்காலமாகப் புழங்கி வந்தது. இரவில் தீப்பந்தம் பிடித்துத் தொழில் செய்த செம்படவர் கையிலிருந்து கடலில் விழுந்த கரிந்த மரத்துண்டைக் கணவாய் ஒன்று தழுவிக்கொண்டதைக் கண்டே இது உண்டாயிற்று என்று ஒரு கதையும் அத்தென்புலத்தில் வழங்குகிறது. படகிலிருந்து கையால் இழுக்கப்பட்டு வந்த அக்கருவி, பிற்காலத்தில் பிளாஸ்டிக் உடலும் துணிப் போர்வையும் பெற்று, மெல்லிய பின்னல் தூண்டில் நரம்போடும் ரீலோடும் சேர்ந்து, கரையிலிருந்து வீசும் ஒரு நாகரிக விளையாட்டாக மாறிற்று. அலைதடுப்புச் சுவரின் மேல் நின்று ஆழமான நீருக்குள் நெடுந்தூரம் எறிந்து, ஜிக்கை மேல்நோக்கிச் சரேலென்று இரண்டு மூன்று முறை சுண்டி இழுத்து, பின்பு அதைத் தானே அமிழவிடும் அந்த முறைக்கு, நீளமும் இலேசும் விரைந்து நிமிரும் இயல்பும் உடைய கோல் மெய்யாகவே சௌகரியமானது. நாள் முழுவதும் சுண்டினாலும் தோள் சலிக்காது. இதை நான் மறுக்கவில்லை. வர்ணத்துக்கும் அவர்கள் ஒரு முறை வகுத்தார்கள்: துணிக்கு அடியில் ஒட்டும் தகடு பொன்னிறமானால் கலங்கல் நீருக்கும் அந்திக்கும், சிவப்பானால் இரவுக்கும், வெள்ளியானால் தெளிந்த பகலுக்கும், வானவில் நிறமானால் எல்லாவற்றுக்கும் என்பது அது. அதன் மேல் போர்த்தும் துணியோ இளஞ்சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, பழுப்பு என்று வேறு விரிகிறது. தகடு நான்கு, துணி நான்கு என்று வைத்துப் பெருக்கினாலே பதினாறாயிற்று. அளவு வேற்றுமையையும் சேர்த்தால் ஒரு பெட்டி போதாது.

இது பரபக்கம். இனி மறுப்புக்கு வருவோம்.

கோலைப் பற்றி அதிகம் சொல்லவேண்டுவதில்லை. அது செய்யவேண்டிய தொழில்கள் மூன்றே: 15 முதல் 20 கிராம் எடையுள்ள ஜிக்கை வேண்டிய தூரம் எறியவேண்டும், அதை நீருக்குள் துள்ளச் செய்யவேண்டும், அகப்பட்ட கணவாயின் இழுப்புக்கு வளைந்துகொடுத்துத் தாங்கவேண்டும். இவற்றுள் மூன்றாவதே தலையாயது. மீன் தூண்டிலின் முள்ளில் இருப்பது போன்ற எதிர்முள் ஜிக்கின் ஊசிகளுக்குக் கிடையாது. நரம்பு ஒரு கணம் தொய்ந்தாலும் கணவாய் கழன்றுவிடும். அதற்கு மாறாக, விறைத்த கோலால் வலிந்து வெட்டி இழுத்தாலோ, கண்ணிமைக்கும் நேரத்திலும் குறைவான நேரத்தில் நீண்டு வந்து ஜிக்கைப் பற்றிய பற்றுக்கை இரண்டில் ஒன்று அறுந்து, அது மாத்திரமே நமக்கு மிஞ்சும். ஆகவே வேண்டுவன, நுனி இளகிய ஒரு கோலும், விரலால் இழுத்தால் நரம்பு நழுவி ஓடுமாறு சற்றே தளர்த்திவைத்த, ரீலின் டிராக் என்னும் தடையும் ஆகும். போர்ட் பிலிப் கரையில் வைட்டிங் மீன் பிடிப்பதற்கென்று பலரும் வைத்திருக்கும் ஏழடிச் சாதாரணக் கோலுக்கே இக்குணம் பூரணமாக உண்டு. பாலத்திலிருந்து கணவாய் பிடிப்பவனுக்கு நெடுந்தூரம் எறியவேண்டிய அவசியமும் பெரும்பாலும் நேர்வதில்லை. புல் படுகை முடிந்து மணல் தொடங்கும் விளிம்பும், இராக்காலத்தில் பால விளக்கின் வெளிச்சமும் நிழலும் சந்திக்கும் எல்லையும், பல சமயங்களில் பாலத்தின் தூண்களுக்கு அருகிலேயே அமைந்துவிடுகின்றன. பாலத்துப் பலகைகளில் படிந்திருக்கும் கணவாய் மைக்கறைகளைப் பார்த்து நிற்குமிடத்தைத் தேர்ந்துகொள்பவன், காசு செலவில்லாமல், விலையுயர்ந்த கோல் கொடுக்கமுடியாத உதவியைப் பெறுகிறான்.

இன்னும் ஒரு பிரத்தியட்சப் பிரமாணம் உண்டு. மலேசியாவின் திரெங்கானுக் கடலில், ஏறக்குறைய ஏப்ரல் முதல் ஜூலை வரையுள்ள பருவத்தில், 'சன்டாட் சோத்தோங்' என்ற பெயரால் இரவுப் படகுகளில் ஏறிக் கணவாய் பிடிப்பது பெரியதொரு பொழுதுபோக்கு; உள்ளூராரும் சுற்றுலாவாக வருவோரும் நரம்பை வெறுங்கையில் பிடித்து, ஊசி வளையம் கட்டிய ஜிக்கை மேலும் கீழுமாக அசைத்தே பிடித்துவிடுகிறார்கள். கேரளத்து விழிஞ்ஞத்தில் மீனவர்கள் ஓட்டுக் கணவாய் பிடிப்பதும் கைத்தூண்டிலாலேயே. கோலே இல்லாமல் கைகூடும் ஒரு காரியம், இன்ன பெயரும் இன்ன நீளமும் உடைய கோல் இல்லாவிட்டால் கைகூடாது என்பது எந்தத் தர்க்கத்தில் சேரும்? இலேசான நல்ல கோல் கைக்குச் சுகம் என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். பணம் உள்ளவர் வாங்கட்டும். அது இன்றியமையாதது என்று சொல்லிப் புதியவரைக் கடன்படச் செய்வதுதான் குற்றம். அவரிடம் செலவிடச் சிறிது பணம் இருக்குமானால், அது முதலில் போகவேண்டிய இடம் நரம்பு. மெல்லிய பின்னல் நரம்பும், அதன் முனையில் முடிந்த இரண்டு முழ ஃபுளூரோகார்பன் நரம்பும் நீரோட்டத்தின் இழுப்பைக் குறைத்து, ஜிக் எங்கே இருக்கிறது என்பதைக் கைக்கு அறிவிக்கும். அடுத்துப் போகவேண்டிய இடம் கயிறு கட்டிய ஒரு வலை. இரண்டு கிலோவைத் தாண்டிய கணவாயைப் பால உயரத்துக்குத் தூக்க முயன்று அருமையான கோலின் நுனியை ஒடித்துக்கொள்பவர்கள், அந்தக் கோலை வாங்கிய அன்றைக்கு வலையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று நொந்துகொள்வதை நான் கேட்டிருக்கிறேன்.

வர்ண விவகாரம் இதைவிடக் கடுமையானது. அங்கே வாதம் வசதியைப் பற்றியதன்று, உண்மையைப் பற்றியது. மனிதக் கண்ணில் வர்ணத்தைப் பகுத்தறிவதற்காக ஒளிவாங்கும் நிறமிகள் மூவகை இருக்கின்றன. அம்மூன்றும் வெவ்வேறு அளவில் தூண்டப்படுவதை ஒப்பிட்டுப் பார்ப்பதனாலேயே சிவப்புச் சிவப்பாகவும் பச்சை பச்சையாகவும் நமக்குத் தோன்றுகின்றன. ஊசிக் கணவாய், ஓட்டுக் கணவாய், பேய்க் கணவாய் என்னும் ஆக்டோபஸ் ஆகிய இந்தக் குலத்தில், ஆராயப்பட்டவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றுக்கு அத்தகைய நிறமி ஒன்றே ஒன்று. அதுவும் நீலப் பச்சை ஒளியையே மிகுதியாக வாங்குவது. ஒப்பிடுவதற்கு இரண்டாவது இல்லாத இடத்தில் வர்ணம் என்ற அனுபவத்துக்கே இடமில்லை. வெளிச்சம் அதிகம், வெளிச்சம் குறைவு என்ற வேறுபாடு ஒன்றுதான் மிஞ்சும். இதற்கு விலக்காக அறியப்பட்டிருப்பது, தொயாமா விரிகுடாவில் வசந்தகாலத்தில் ஒளிர்ந்துகொண்டு கரையை நாடும் மின்மினிக் கணவாய். அதற்கு நிறமி மூன்று உண்டு. ஆனால் அது விரலளவே உள்ள ஆழ்கடல் பிராணி. அதற்கென்று யாரும் ஜிக் எறிவதில்லை.

கண்ணின் ரசாயனத்தை மட்டும் கொண்டு முடிவு கட்டலாகாது, நடத்தையையும் பார்க்கவேண்டும் என்பார் உளர், நியாயமான கோரிக்கையே. ஓட்டுக் கணவாய் தான் இருக்கும் தரைக்கேற்ப உடம்பின் கோலத்தை மாற்றிக்கொள்ளும் இயல்புடையது. கறுப்பும் வெள்ளையுமான சதுரங்கக் கட்டங்களின் மேல் விட்டால், உடம்பிலும் பெரிய வெள்ளைத் திட்டுக்களைக் காட்டும். அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடலுயிர் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ரோஜர் ஹான்லனும் அவருடன் பணியாற்றியோரும் 2006-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றில், மஞ்சளும் நீலமுமான கட்டங்களை, அப்பிராணியின் கண்ணுக்கு இரண்டும் சம வெளிச்சமாகப் படும்படி தேர்ந்து வரைந்து, அவற்றின் மேல் அதை விட்டுப் பார்த்தார்கள். நம் கண்ணுக்குப் பளிச்சென்று பிரிந்து தெரியும் அந்தக் கட்டங்களின் மேல், ஒரே நிறத் தரையில் கிடப்பது போலவே அது கிடந்தது. திட்டுக்களைக் காட்டவில்லை. மஞ்சளையும் நீலத்தையுமே பிரித்தறியாத கண்ணுக்கு முன்னால், இளஞ்சிவப்பா ஆரஞ்சா என்று நாம் அரைமணி நேரம் ஆலோசனை செய்கிறோம்.

சிவப்பின் கதை இன்னும் விசித்திரமானது. கணவாயின் ஒற்றை நிறமி சிவப்பு ஒளியை ஏறக்குறைய வாங்குவதே இல்லை. அது போதாதென்று, கடல்நீர் தன்னுள் நுழையும் சூரிய ஒளியில் முதன்முதலாக விழுங்கிவிடுவதும் சிவப்பையே. சில மீட்டர் ஆழத்திலேயே சிவப்புப் பொருள் கருமையாகத் தோன்றுவதை முக்குளிப்போர் யாவரும் அறிவர். ஆகவே இரவுக்குச் சிவப்பு என்று ஜப்பானியர் வகுத்த விதி பலித்திருக்குமானால், அது கறுப்பு ஜிக் பலித்த கணக்கில்தான் சேரும். எகியின் பிறப்புக் கதையிலே சொல்லப்படும் கரிந்த மரத்துண்டு இந்த உண்மைக்கு நம் அட்டவணைகளைவிட அருகில் இருக்கிறது. ஆரஞ்சும் இளஞ்சிவப்பும் கடைகளில் அதிகமாக விற்பதற்குக் காரணம், என் அபிப்பிராயத்தில், அவை நீருக்குள் நம் கண்ணுக்கு நன்றாகத் தெரிவதே. ஜிக் எங்கே இருக்கிறது, அதன் பின்னே நிழல் ஏதும் தொடர்கிறதா என்று பார்ப்பதற்கு அது பிரயோஜனமானது. அந்தக் காரணத்துக்காக வாங்குவோரோடு எனக்குச் சண்டையில்லை.

கணவாய்க்கு நம்மிடம் இல்லாத ஒரு சக்தி இருக்கிறது: ஒளி எந்தத் திசைத்தளத்தில் அதிர்கிறது என்பதை அதன் கண் உணரும். கண்ணாடி போல் ஊடுருவித் தெரியும் சிறு இரைகளையும், வெள்ளி போல் மினுங்கி மறையும் மீன்களையும் அது அவ்வாறே கண்டுகொள்கிறது என்று கருத இடமுண்டு. அதோடு மேலிருந்து வரும் வெளிச்சத்துக்கு எதிரே நிற்கும் நிழலுருவையும், அதன் அசைவையும் நுட்பமாகக் காணும். இத்தனையும் ஒளியின் அளவையும் மாறுபாட்டையும் பற்றியவை. ஆதலால் மங்கலான ஜிக் ஒன்று, வெளிறிய ஜிக் ஒன்று, இருளுக்கு வேண்டுமானால் தானே ஒளிரும் ஜிக் ஒன்று என்று வைத்திருப்பவன், பதினாறு வகை வைத்திருப்பவனைவிடக் கணவாயின் கண்ணுக்குக் குறைவாக எதையும் காட்டிவிடவில்லை. ஜிக் செய்வோருக்கும் இது தெரியாததன்று: 490 நானோமீட்டர் அளவில், அதாவது கணவாயின் கண் மிகக் கூர்மையாக உணரும் நீலப் பச்சையில், ஒளிரும்படி செய்த ஜிக்குகளை அவர்களே விற்கிறார்கள். அப்படி விற்கும் அலமாரியிலேயே பக்கத்தில் வானவில்லின் ஏழு நிறத்தையும் தொங்கவிடுவது வியாபார சாமர்த்தியம். வெளிச்சத்தை வாங்கி வெப்பமாக்கிக்கொள்ளும் துணி என்று ஒன்று வேறு விளம்பரமாகிறது. கடலின் பெருநீர் அந்த அற்ப வெப்பத்தைக் கணத்தில் கொண்டுபோய்விடாதா என்று கேட்டால், அதை நம்பி வாங்கியவருக்கே கோபம் வருகிறது.

இங்கே ஓர் ஆட்சேபத்தை நேர்மையாக எதிர்கொள்ளவேண்டும். 2016-ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் ஸ்டப்ஸ், கிறிஸ்டோபர் ஸ்டப்ஸ் என்னும் மகனும் தந்தையும், ஒற்றை நிறமி உள்ள கண்ணும் வர்ணத்தை ஒருவாறு அறியக்கூடும் என்று ஒரு யுக்தியை முன்வைத்தார்கள். வில்லையின் வழியே செல்லும் வெவ்வேறு நிற ஒளிகள் வெவ்வேறு தூரத்தில் குவிகின்றன. இக்குலத்துப் பிராணிகளின் கோணலான கண்மணி அந்த வேற்றுமையைப் பெருக்கிக் காட்டும். ஆகவே எந்தக் குவியத்தில் உருவம் தெளிகிறது என்பதைக் கொண்டு நிறத்தை ஊகிக்கலாம் என்பது அதன் சாரம். அழகான யோசனை என்பதில் ஐயமில்லை. ஆனால் அது கணக்கிட்டுக் காட்டிய சாத்தியக்கூறு. உயிருள்ள கணவாய் அவ்வாறு செய்கிறது என்று நடத்தையால் நிறுவிய முடிவன்று. அதனை அப்படியே ஏற்றுக்கொண்டாலும், பார்க்கும் பொருளின் மேல் குவியத்தை மாற்றி மாற்றி நிதானமாக நோக்கவேண்டிய ஒரு முறை, துள்ளி எழுந்து சாய்ந்து அமிழும் ஜிக்கின் பின்னால் விரைந்து வரும் கணவாய்க்கு எவ்வளவு உதவும்? அவர்களுடைய யுக்தியிலிருந்து 'மேகமூட்டத்துக்கு ஆரஞ்சு' என்ற விதிக்குப் போக நூறு படி ஏறவேண்டும்; அதில் ஒரு படியைக்கூட எவரும் ஏறிக் காட்டவில்லை.

மற்றோர் ஆட்சேபம் சாஸ்திரத்தைப் பற்றியதன்று, அனுபவத்தைப் பற்றியது: "பச்சையைப் போட்டேன், ஒன்றும் இல்லை, இளஞ்சிவப்புக்கு மாற்றினேன், அடுத்த எறியிலேயே விழுந்தது" என்று நம்பத்தகுந்த மனிதர்கள் சொல்கிறார்கள். நிகழ்ச்சியை நான் சந்தேகிக்கவில்லை. அதற்குச் சொல்லப்படும் காரணத்தையே சந்தேகிக்கிறேன். ஜிக்கை மாற்றும்போது வர்ணம் மட்டும் மாறுவதில்லை. வேறு கம்பெனியின் சரக்கு, வேறு எடை, வேறு சாய்வு, வேறு இறங்கு வேகம். மாற்றிக் கட்டுவதற்குள் நீரோட்டம் சற்றுத் தணிந்திருக்கலாம், கூட்டமாகத் திரியும் கணவாய் அப்போதுதான் பாலத்தை அணுகியிருக்கலாம், எறிந்த இடமும் பத்தடி விலகியிருக்கலாம். இத்தனையையும் தள்ளிவிட்டு நிறத்துக்கு மட்டும் கீர்த்தி சூட்டுவது தர்க்கமாகாது. மாற்றியும் விழாத எத்தனையோ சந்தர்ப்பங்களை எவரும் கதையாகச் சொல்வதில்லை என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். உண்மையில் சோதிக்க விரும்புவோர், ஒரே கம்பெனியின் ஒரே எடையுள்ள இரு நிற ஜிக்குகளை இரண்டு பேர் அருகருகே நின்று, அவ்வப்போது கைமாற்றிக்கொண்டு, ஒரு பருவம் முழுவதும் எறிந்து குறித்துவைக்கட்டும்; வர்ண அட்டவணையை உபதேசிப்போரில் அதைச் செய்தவர் எவரையும் நான் சந்திக்கவில்லை.

அப்படியானால் எதைப் பார்த்து ஜிக் வாங்குவது? ஜப்பானியரிடமிருந்து நாம் கற்றிருக்கவேண்டியது இங்கேதான் இருக்கிறது, அதையே விட்டுவிட்டோம். அவர்கள் எகியின் அளவை இரண்டரை, மூன்று, மூன்றரை என்று எண்ணால் குறிக்கிறார்கள். 'சுன்' என்னும் அவர்களுடைய பழைய நீட்டலளவையிலிருந்து வந்த கணக்கு அது. ஒரு சுன் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர். மூன்றரை எண் ஜிக்கின் உடல் பத்தரை சென்டிமீட்டரை ஒட்டியிருக்கும், எடை 20 கிராமுக்குச் சற்று மேல். மூன்றாம் எண் 15 கிராம் அளவு, இரண்டரை 10 கிராம் அளவு. ஆனால் ஒரே எண்ணிலும், மெல்ல அமிழ்வது, நடுத்தரமாக அமிழ்வது, விரைந்து அமிழ்வது என்று பிரிவுகள் உள்ளன; ஒரு மீட்டர் ஆழம் செல்ல எத்தனை விநாடி ஆகும் என்பதை நல்ல கம்பெனிகள் பொட்டலத்தின் மேலேயே அச்சிடுகின்றன. நடுத்தரமானது மீட்டருக்கு மூன்று விநாடியையும், மெதுவானது ஐந்தாறு விநாடியையும் ஒட்டி அமையும். வர்ணத்தை ஆராய்ந்து ஆராய்ந்து புரட்டுபவர்களில் எத்தனை பேர் அந்தச் சிறிய எழுத்தைப் படிக்கிறார்கள்?

படித்தால் என்ன பயன் என்று பார்ப்போம். கணவாய் பெரும்பாலும் ஜிக்கைப் பற்றுவது, அது சுண்டப்பட்டு மேலே துள்ளும்போது அன்று. தலை தாழ்ந்து, சாய்வாக, இறாலைப் போல் அமிழும்போதுதான். ஆகவே, தரையைத் தொடாமல், ஆனால் தரைக்கு அருகில், அது எவ்வளவு நேரம் அமிழ்ந்துகொண்டிருக்கிறது என்பதே பிடிபடும் வாய்ப்பின் அளவு. மூன்று மீட்டர் நீருள்ள புல் படுகையின் மேல், நடுத்தர வகை ஜிக் ஒன்பது விநாடியில் தரை தட்டிப் புல்லில் சிக்கிக்கொள்ளும். மெல்ல அமிழும் வகை அதே நீரில் பதினெட்டு விநாடி மிதந்து இறங்கும். காட்சி நேரம் இரட்டிக்கிறது, ஜிக் இழப்பதும் குறைகிறது. விரிகுடாவின் வாயாகிய 'ரிப்' என்னும், மலைக் கணவாய் போன்ற குறுகிய கடல்வழி (பெயர் ஒற்றுமையை வாசகர் பொறுத்துக்கொள்ளவேண்டும்) குவீன்ஸ்கிளிஃபுக்கு அருகில் இருப்பதால், அங்கே ஏற்றவற்றத்தின்போது நீர் ஆறு போல் ஓடும். ஆறு மீட்டர் ஆழத்துக்கு நடுத்தர ஜிக் இறங்கப் பதினெட்டு விநாடி வேண்டும். விநாடிக்கு அரை மீட்டர் ஓட்டம் இருந்தால் அதற்குள் அது ஒன்பது மீட்டர் அடித்துச் செல்லப்பட்டிருக்கும். நரம்பு விறைத்து ஜிக் தரையைக் காணாமலே நடுநீரில் தொங்கிக்கொண்டிருக்கும். அங்கே நிற்பவன் மாற்றவேண்டியது எடையை, மாற்றுவதோ வர்ணத்தை. அதே மனிதன் மறுநாள் மார்னிங்டன் பாலத்தில் ஓட்டமற்ற நீரில் நின்று, முதல் நாள் 'பலித்த' நிறத்தையே நம்பி, கனத்த ஜிக்கைப் போட்டுப் புல்லை அறுத்துக்கொண்டிருப்பான்.

எடையைச் சரிசெய்வதற்கும் பெட்டி நிறையச் சரக்கு வேண்டியதில்லை. ஜிக்கின் மார்பில் உள்ள ஈயத்தின் மேல் மெல்லிய ஈயக்கம்பியைச் சுற்றினால் கனம் கூடும்; ஈயத்தைச் சிறிது சீவினால் குறையும். எறிந்தபின், நரம்பு தொய்யும் வரை விநாடி எண்ணிப் பார்த்தால் அந்த இடத்தின் ஆழமும் தெரிந்துவிடும். எண்ணிக்கை பதினெட்டு ஆனால், அடுத்த முறை பதினாறில் சுண்டத் தொடங்கினால் போதும். பாலத்தில் பழைய கோலோடு அமர்ந்திருக்கும் முதியவர்களின் யுக்தி இதைவிடச் சுருக்கமானது: மிதவைக்கு இரண்டு மீட்டர் கீழே ஜிக்கையோ, சிறு மீன் கோத்த ஊசிக்கம்பியையோ தொங்கவிட்டுவிடுகிறார்கள். ஆழம் மிதவையால் நிலைக்கிறது; அலை மிதவையைத் தூக்கித் தாழ்த்த, ஜிக் தானே எழுந்து அமிழ்கிறது. எட்டரை அடிக் கோலுக்கும் அங்கே வேலை இல்லை, வர்ண அட்டவணைக்கும் வேலை இல்லை. அவர்கள் வாளியில் கணவாய் இருப்பதைக் கண்டும், அது குருட்டு அதிர்ஷ்டம் என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களின் மன உறுதியை என்னென்பது!

நான் மலிவுக்கு வக்காலத்து வாங்குவதாக யாரும் எண்ணவேண்டாம். மிக மலிவான ஜிக்குகளில் பல, ஈயம் சரியாகப் பொருந்தாமல், வால் முந்தியோ பக்கவாட்டில் சுழன்றோ அமிழ்கின்றன. ஊசிகள் ஒருமுறை இழுத்தவுடன் நிமிர்ந்துவிடுகின்றன, உப்புநீரில் விரைவில் துருவேறுகின்றன. சமநிலையோடு சாய்ந்து அமிழும் ஜிக்குக்கு அதிக விலை கொடுப்பது தகும். வாங்கியதும் பாலத்தோரத்துத் தெளிந்த நீரில் விட்டு, அது எப்படி இறங்குகிறது என்று ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுவது மிக நல்லது. அளவைப் பொறுத்தவரை, அவ்வாண்டுக் கணவாய் இன்னும் சிறியதாக இருக்கும் மாதங்களில் இரண்டரையும், முட்டையிட வரும் பெருங்கணவாய் கரையை அடுக்கும் வசந்தத்தில் மூன்று அல்லது மூன்றரையும் என்று வைத்துக்கொண்டால் தவறில்லை. நல்ல ஜிக் ஒன்றிலேயே மெதுவானது, நடுத்தரமானது, விரைவானது என்று மூன்று; அவற்றில் ஒன்றிரண்டு மங்கலாகவும் ஒன்றிரண்டு வெளிறியும் இருக்கட்டும்; ஏழடி இளகிய கோல் ஒன்று; மெல்லிய நரம்பு; வலை. விக்டோரியா மாநிலத்தின் விதிப்படி ஒருவர் ஒரு நாளில் எடுத்துக்கொள்ளக்கூடிய கணவாய் பத்து. அதற்கு இவ்வளவு சாமான் தாராளம்.

ஆகவே பாலங்களில் பல்லாண்டு பழகிய பெரியவர்களுக்கு ஒரு விண்ணப்பம். புதிதாக வந்த ஒருவர் உங்களிடம் நின்று, "ஐயா, இன்றைக்கு என்ன வர்ணம் போடலாம்?" என்று கேட்டால், உங்கள் பெட்டியைத் திறந்து காட்டத் தொடங்காதீர்கள். இந்த இடத்தில் ஆழம் எவ்வளவு, நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, அவர் கையில் உள்ள ஜிக் ஒரு மீட்டர் இறங்க எத்தனை விநாடி ஆகிறது என்று அவரையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். கணவாயை மேலே தூக்க வலை கொண்டுவந்திருக்கிறாரா என்றும் மறவாமல் கேளுங்கள்.